மருமகனின் நோயும் பாண் மதுவமும்: உப்புவெளித் தம்பி ஒருவரின் கேள்விக்குப் பதில்

உப்புவெளியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அக்காவின் மகனுக்கு ஆறு வயது. நடக்கவும் பேசவும் பிந்தினான், கண்ணாடி தடிப்பாகிக்கொண்டே போகிறது, வாயில் அடிக்கடி புண். கொழும்பில் மரபணுச் சோதனை செய்ததில் விபிஎஸ்13பி என்ற பரம்பரையலகில் (மரபணுவில்) விகாரம், அதாவது எழுத்து மாற்றம், என்றும் கோஹன் சிண்ட்ரோம் என்றும் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். இணையத்தில் தேடினால் எங்கு பார்த்தாலும் ஈஸ்ட், அதாவது மதுவம், என்றே வருகிறதாம். அதனால் பிள்ளைக்குப் பாணும் அப்பமும் கொடுப்பதை நிறுத்தவா, பார்கின்சன் நோயும் வரும் என்று ஓரிடத்தில் போட்டிருப்பது உண்மையா, அக்கா சொந்த மாமாவின் மகனைக் கட்டியதால்தான் இது வந்ததா என்று மூன்று கேள்விகள். அப்புறம் கடைசி வரியில், போகிற போக்கில், "அத்தானின் தங்கச்சியை எனக்குப் பேசியிருக்கிறார்கள்" என்று ஒரு வசனம். உண்மையான கேள்வி அந்த வரியில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். ஆனால் அதற்குப் பதில் சொல்ல மற்ற மூன்றையும் தாண்டித்தான் போகவேண்டும்.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நான் மருத்துவர் இல்லை. மதுவக் கலங்களை வளர்த்து, அவற்றின் பரம்பரையலகுகளை வெட்டி ஒட்டிப் பார்க்கும் ஆய்வுகூடத்தில் பல வருடம் வேலை செய்துவிட்டு, இப்போது திருகோணமலையில் உயர்தர மாணவர்களுக்கு உயிரியல் படிப்பிக்கிறேன். பிள்ளையையும் பார்க்கவில்லை, றிப்போட்டையும் பார்க்கவில்லை. புரதத்தைப் பற்றி நான் சொல்வதை நம்பலாம். பிள்ளைக்கு என்ன செய்வது என்பதில் உங்கள் குழந்தை மருத்துவ நிபுணர் சொல்வதுதான் முடிவு.

முதலில் பாண். தாராளமாகக் கொடுங்கள். சீனன்குடா மாவில் சுட்ட பாணிலும் கள்ளு விட்டுப் புளிக்கவைத்த அப்பத்திலும் உள்ள மதுவத்துக்கும் உங்கள் மருமகனின் நோய்க்கும் தொடர்பில்லை. அடுப்புச் சூட்டில் மதுவம் செத்துவிடும், அதன் புரதம் வயிற்றில் மற்றப் புரதங்களைப் போலவே செரித்துப்போகும். இந்த நோயுள்ள பிள்ளைகளுக்கு வளரும் வயதில் வயிற்றைச் சுற்றிக் கொழுப்புச் சேர்வது வழக்கம். ஆகவே எவ்வளவு சாப்பிடுகிறான் என்பதைப் பார்க்கவேண்டி வரும், எந்தப் பாண் என்பதையல்ல. ஒரேயொரு விதிவிலக்கு: வயிற்றோட்டத்துக்கு உயிருள்ள மதுவத்தைத் தூளாகச் சில இடங்களில் கொடுப்பார்கள். பிள்ளைக்கு வெண்குருதிக் கலங்கள் குறையும் தன்மை இருப்பதால், அப்படி ஏதாவது கொடுக்க முன் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

சரி, அப்படியானால் மதுவம் ஏன் இந்தக் கதைக்குள் வந்தது? 1980களில் அமெரிக்காவில் ஸ்கொட் எமர், ரொம் ஸ்ரீவன்ஸ் ஆகியோரின் ஆய்வுகூடங்கள் ஒரு எளிமையான விஷயத்தைத் தேடின. மதுவக் கலத்துக்குள் புன்வெற்றிடம் என்றொரு பை இருக்கிறது. செரிமான நொதியங்கள் அங்கே போய்ச் சேரவேண்டும். சில விகார மதுவங்களில் அவை வழிதவறிக் கலத்துக்கு வெளியே கொட்டுப்பட்டன. அப்படி வழிதவற வைக்கும் பரம்பரையலகுகளை ஒவ்வொன்றாகப் பிடித்து விபிஎஸ் என்ற தலைப்பில் இலக்கமிட்டார்கள், 40க்கும் மேல் வந்தன. பதின்மூன்றாவதாகப் பதிவானதுதான் விபிஎஸ்13. அந்த நேரத்தில் மனித நோய் யாருடைய மனதிலும் இல்லை. 1996இல் மதுவத்தின் ஏறக்குறைய 6,000 பரம்பரையலகுகளும் முழுவதுமாக வாசிக்கப்பட்டபோதும், இது மிகப் பெரிய புரதம் என்பதுதான் கண்ணில் பட்ட சிறப்பு. புரதச் சங்கிலியின் கண்ணிகளான அமினோவமிலங்கள் 3,144. சாதாரணப் புரதத்தைப் போல ஆறேழு மடங்கு நீளம்.

மனிதரின் பக்கத்திலிருந்து கதை வேறு வழியாக வந்தது. 2001இல் கொரியா-அகந்தோசைற்றோசிஸ் என்ற நோய்க்குக் காரணமான பரம்பரையலகைக் கண்டுபிடித்தார்கள். இளம் வயதினருக்குக் கைகால்கள் தாமாக ஆடும், செங்குருதிக் கலங்கள் முள்முள்ளாக மாறும் நோய் அது. அந்தப் பரம்பரையலகின் எழுத்துகளை மற்ற உயிர்களோடு ஒப்பிட்டால் மதுவத்தின் விபிஎஸ்13 வந்து நின்றது. 2003இல் கோஹன் சிண்ட்ரோமின் பரம்பரையலகு கிடைத்தபோது அதுவும் அதே குடும்பம். மதுவத்தில் ஒன்றாக இருப்பது மனிதரில் ஏ, பி, சி, டி என நான்காக இருக்கிறது என்பது அடுத்த வருடமே தெளிவானது. நமக்கும் மதுவத்துக்கும் பொதுவான மூதாதை வாழ்ந்து நூறு கோடி வருடத்துக்கு மேலாகிறது. அவ்வளவு காலம் ஒரு புரதம் அழியாமல், அடையாளம் தெரியும்படி நிற்கிறதென்றால், அது செய்கிற வேலையை விட்டுவிட்டு உயிர்களால் சமாளிக்க முடியவில்லை என்று அர்த்தம். இப்படிப்பட்டவற்றைத்தான் 'பேணப்பட்ட குடும்பம்' என்கிறார்கள். மதுவம் நோயைக் கொண்டுவரவில்லை. அதே இயந்திரத்தின் பழைய மாதிரி அதனிடமும் இருக்கிறது, அவ்வளவுதான்.

அந்த வேலை என்ன என்பது அண்மையில்தான் பிடிபட்டது. எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது, கொஞ்சம் நீட்டினால் பொறுத்துக்கொள்ளுங்கள். கலத்துக்குள் பல அறைகள் உண்டு: இழைமணி, புன்வெற்றிடம், கொல்கி, அகமுதலுருச் சிறுவலை. ஒவ்வொன்றையும் சுற்றி இலிப்பிட்டு என்ற கொழுப்புப் பொருளால் ஆன மென்சவ்வு. இலிப்பிட்டுகளில் பெரும்பாலானவை சிறுவலையில்தான் உருவாகின்றன, அங்கிருந்து மற்ற அறைகளுக்குப் போகவேண்டும். ஆனால் கலத்தின் உள்ளே இருப்பது தண்ணீர், இலிப்பிட்டு தண்ணீரில் கரையாது. சிறு கொப்புளங்களில் ஏறிப் போகும் வழி ஒன்று உண்டு என்று பாடப்புத்தகத்தில் இருக்கிறது. இழைமணி போன்ற சில இடங்களுக்கு அந்தக் கொப்புளங்கள் போவதில்லை. 2015இல் மதுவத்தில் ஒரு சுவையான சோதனை வந்தது. சிறுவலையையும் இழைமணியையும் இணைக்கும் ஒரு புரதக் கட்டமைப்பை அழித்தால் மதுவம் தள்ளாடும். ஆனால் விபிஎஸ்13இல் குறிப்பிட்ட சில மாற்றங்கள் ஏற்பட்டால் அந்த மதுவம் மீண்டும் நன்றாக வளர்ந்தது. அதாவது அங்கே விடுபட்ட வேலையை இது எடுத்துச் செய்கிறது. விபிஎஸ்13 இருந்த இடங்களும் இரண்டு மென்சவ்வுகள் ஒன்றையொன்று கிட்டத்தட்டத் தொடும் இடங்கள்தான்.

2018இல் யேல் பல்கலைக்கழகத்தில் இந்தப் புரதத்தைத் தனியே எடுத்துச் சோதித்து, அது இலிப்பிட்டுகளைப் பிடித்து ஒரு மென்சவ்விலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுகிறது என்று காட்டினார்கள். 2020இல் அதன் வடிவத்தை மின்னணு நுணுக்குக்காட்டியில் பார்த்தபோது ஆச்சரியம். புரதத்தின் நீளத்துக்கு ஒரு பள்ளம் ஓடுகிறது, அதன் உட்புறம் முழுக்கத் தண்ணீரை வெறுக்கும் அமினோவமிலங்கள். நம் வீடுகளில் கூரைத் தண்ணீரைத் தொட்டிக்குக் கொண்டுபோகப் பொருத்தும் பீலியை நினைத்துக்கொள்ளுங்கள்: ஒரு முனை கூரையில், மறுமுனை தொட்டியில், இடையில் தண்ணீர் வழுக்கிக்கொண்டு ஓடும். இங்கே ஓடுவது இலிப்பிட்டு. புரதம் ஏன் இவ்வளவு நீளம் என்ற பழைய கேள்விக்கும் அதில் பதில் கிடைத்தது. இரண்டு சவ்வுகளுக்கும் இடையிலான தூரத்தை எட்டத்தான் அந்த நீளம். இதுவரை சொன்னது உறுதியான பகுதி. பல ஆய்வுகூடங்கள் வெவ்வேறு வழியில் பார்த்து ஒரே முடிவுக்கு வந்திருக்கின்றன.

இனிச் சந்தேகமான பகுதி. நான்கு சகோதரங்களில் மதுவத்தின் விபிஎஸ்13ஐ மிக நெருக்கமாக ஒத்திருப்பது ஏ. உங்கள் மருமகனுடைய பி மற்றவற்றிலிருந்து மிக முன்பே விலகிப்போனது. ஏறக்குறைய 4,000 அமினோவமிலங்கள், அது கலத்தில் இருப்பது கொல்கியில். அதற்கும் அதே நீண்ட பள்ளம் இருக்கிறது, ஆகவே அதுவும் இலிப்பிட்டைக் கொண்டுபோகிறது என்று நினைப்பதில் நியாயம் உண்டு. ஆனால் எங்கிருந்து எங்கே, எந்த இலிப்பிட்டு, அது நின்றுபோனால் ஏன் குறிப்பாக விழித்திரையும் நடுநிலைநாடி என்ற வெண்குருதிக் கலங்களும் மூளை வளர்ச்சியும் பாதிக்கப்படுகின்றன என்பதில் இன்னும் ஒருமித்த முடிவு வரவில்லை. மதுவத்தில் விபிஎஸ்13ஐ முழுவதும் நீக்கினாலும் அது சாவதில்லை. வித்திகளை ஒழுங்காக உருவாக்க முடியாமல் திண்டாடும். மதுவத்துக்குக் கண்ணும் இல்லை, மூளையும் இல்லை. கலத்தின் அடிப்படை வேலையை அது சொல்லித்தரும். பிள்ளையின் எதிர்காலத்தை அதை வைத்துக் கணிக்க முடியாது. 'மதுவ ஆய்வில் மருந்து கண்டுபிடிப்பு' என்று தலைப்பு வந்தால் அது எந்தப் பரம்பரையலகைப் பற்றியது, ஏயா பியா என்று முதலில் பாருங்கள்.

பார்கின்சன் கேள்விக்கும் பதில் இதற்குள்ளேயே இருக்கிறது. இளவயதுப் பார்கின்சனோடு தொடர்புபட்டது சி, அது 2016இல் தெரியவந்தது. நடையில் தள்ளாட்டமும் விறைப்பும் வரும் நோய்க்குக் காரணமானது டி, 2018இல். ஒரே குடும்பப் பெயர் என்பதால் இணையத்தில் நான்கும் ஒன்றாகக் கலந்து வருகின்றன. ஆனால் இவை வெவ்வேறு நிறமூர்த்தங்களில் உள்ள வெவ்வேறு பரம்பரையலகுகள்: ஏ 9ஆவதில், பி 8ஆவதில், சி 15ஆவதில், டி 1ஆவதில். பியில் விகாரம் இருப்பதால் சியின் நோய் வராது. அக்காவிடம் இதை இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

கோஹன் சிண்ட்ரோம் 1973இல் முதன்முதலாக விவரிக்கப்பட்டது. உலகம் முழுவதும் அரிது, பின்லாந்தில் மட்டும் ஒரு பழைய விகாரம் பரவியிருப்பதால் கொஞ்சம் கூடுதல். பிறந்தவுடன் உடல் தளர்வு, வளர்ச்சி பிந்துதல், சிறிய தலை, தளர்ந்த மூட்டுகள், கூடிக்கொண்டே போகும் கிட்டப்பார்வை, விட்டுவிட்டுக் குறையும் நடுநிலைநாடிகள் ஆகியவை இதன் அடையாளங்கள். யாரைக் கண்டாலும் சிரித்துக்கொண்டு ஒட்டிக்கொள்ளும் சுபாவமும் இந்தப் பிள்ளைகளிடம் உண்டு என்று மருத்துவ நூல்களே எழுதுகின்றன. அறிவு வளர்ச்சி பிந்தும், ஆனால் கற்றது பின்னோக்கிப் போவதில்லை. மோசமாகிக்கொண்டு போகக்கூடியது கண். கிட்டப்பார்வை மட்டுமென்றால் கண்ணாடி போதும், இதில் விழித்திரையே மெல்ல மெல்லத் தேயும். முதலில் இருட்டில் தெரியாது, பிறகு பக்கவாட்டுப் பார்வை சுருங்கும். பின்னேரம் கடற்கரையில் விளையாடிவிட்டுத் திரும்பும்போது இடறி விழுகிறானா, மாலையில் வெளியே வரப் பயப்படுகிறானா என்று கவனியுங்கள். கண்ணாடிக் கடையில் இலக்கம் பார்ப்பது போதாது. கண் வைத்திய நிபுணர் விழித்திரையைப் பார்க்கவேண்டும், அதுவும் ஒழுங்காக வருடாவருடம்.

வாய்ப்புண்ணுக்குக் காரணம் பெரும்பாலும் நடுநிலைநாடி குறைவதாக இருக்கும். இது ஏறி இறங்கும். ஆகவே ஒரு குருதிச் சோதனை சரியாக வந்துவிட்டால் பிரச்சினை இல்லை என்று முடிவுகட்ட முடியாது. காய்ச்சல் வந்தால் பரசிட்டமோலோடு இருந்துவிடாமல் வைத்தியசாலைக்குக் கொண்டுபோய், இந்த நோய் இருக்கிறது என்று முதலிலேயே சொல்லிக் குருதிக் கல எண்ணிக்கை பார்க்கக் கேளுங்கள். மிக அரிதான நோய் என்பதால் பணியில் இருக்கும் இளம் மருத்துவர் கேள்விப்படாமல் இருக்கலாம், அது அவர் குற்றமல்ல. நோயின் பெயரும் 'நடுநிலைநாடி குறையலாம்' என்ற ஒரு வரியும் எழுதிய தாளைக் கிளினிக் கொப்பியின் முன்பக்கத்தில் ஒட்டி வையுங்கள். பேச்சுப் பயிற்சியும் உடற்பயிற்சிச் சிகிச்சையும் எவ்வளவு வேளைக்குத் தொடங்குகிறதோ அவ்வளவு நல்லது.

இப்போது சொந்தத்துக்குள் கட்டிய கதை. இந்த நோய் பின்னிடைவான முறையில் வருவது. தாயிடமிருந்து வந்த பிரதி, தகப்பனிடமிருந்து வந்த பிரதி இரண்டும் பழுதாக இருந்தால்தான் நோய். ஒன்று மட்டும் பழுதென்றால் அவர் காவி, நோய் எதுவும் இருக்காது. நீங்கள், நான், ஊரில் எல்லோருமே இப்படி ஏதோ சில பரம்பரையலகுகளில் காவிகள்தான். மச்சானும் மச்சாளும் ஒரே தாத்தா பாட்டியின் பேரப்பிள்ளைகள் என்பதால், அந்தத் தாத்தாவிடமோ பாட்டியிடமோ இருந்த ஒரே பழுது இருவருக்கும் வந்திருக்கும் வாய்ப்புக் கூடும். பொதுவாக 100 பிறப்புகளில் 2 அல்லது 3இல் ஏதாவது கடுமையான பிறவிக் கோளாறு இருக்கும். மச்சான் மச்சாள் திருமணங்களில் அது ஏறக்குறைய இரண்டு மடங்காகும். அதாவது 94, 95 பிள்ளைகள் அந்தக் கணக்குக்கு வெளியே. உறவுத் திருமணம் வாய்ப்பைக் கூட்டியது உண்மை. 'அதனால்தான் வந்தது' என்று அக்காவையோ, சம்பந்தம் பேசிய அம்மாவையோ குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதற்கு அந்த உண்மை போதாது. அந்நியத்தில் கட்டியவர்களுக்கும் இந்தப் பிள்ளைகள் பிறக்கிறார்கள்.

இனி உங்கள் விஷயம், தம்பி. மருமகனுக்கு நோய் இருப்பதால் அக்காவும் அத்தானும் காவிகள் என்று எடுத்துக்கொள்ளலாம். அவர்களுக்கு இனிப் பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. ஒரு பிள்ளைக்கு வந்துவிட்டது, அடுத்த மூன்றும் தப்பும் என்ற கணக்குப் பிழை. அக்கா காவி என்றால், அவருடைய கூடப்பிறந்த நீங்கள் காவியாக இருக்கும் வாய்ப்பு 2இல் 1. அத்தானின் தங்கச்சிக்கும் அதே 2இல் 1. இருவருமே காவிகளாக இருக்கும் வாய்ப்பு 4இல் 1. அப்படி இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் 4இல் 1. சோதனை எதுவும் செய்யாமல் இப்போதைக்குச் சொல்லக்கூடியது, உங்கள் இருவருக்கும் பிறக்கும் ஒரு பிள்ளைக்கு 16இல் 1, கிட்டத்தட்ட 100க்கு 6. இது சாதாரண உறவுத் திருமணக் கணக்கு அல்ல. இந்தக் குடும்பத்தில் இந்தப் பழுது இருக்கிறது என்று ஏற்கனவே தெரிந்த பிறகு வரும் கணக்கு.

ஆனால் 16இல் 1 என்ற இந்த இலக்கத்தோடு உட்கார்ந்திருக்கத் தேவையில்லை. ஒரு குருதிச் சோதனையில் அது மாறிவிடும். உங்கள் இருவரில் ஒருவராவது காவி இல்லையென்று வந்தால், இந்த நோயைப் பொறுத்தவரை பயம் ஏறக்குறைய முழுமையாகப் போய்விடும், கலியாணத்தைத் தாராளமாக நடத்தலாம். இருவரும் காவிகள் என்று வந்தால் 4இல் 1 என்பது நிச்சயம். அப்போது என்ன செய்வது என்பது நீங்கள் இருவரும் சேர்ந்து எடுக்கவேண்டிய முடிவு, அதில் என் அபிப்பிராயத்துக்கு இடமில்லை. ஒன்றை மட்டும் கணக்கில் எடுங்கள்: கருவிலேயே சோதிக்கும் முறைகள் இருந்தாலும், தாயின் உயிரைக் காப்பாற்ற அல்லாமல் கருக்கலைப்புக்கு இலங்கைச் சட்டம் இடம் தராது. அதனால் இங்கே கலியாணத்துக்கு முன் தெரிந்துகொள்வதற்குத்தான் அதிக பெறுமதி. அந்தப் பிள்ளையையும் கேட்காமல் நீங்கள் மட்டும் போய்ச் சோதித்துவிட்டு வந்து சம்பந்தத்தை முறிக்க வேண்டாம் என்று மட்டும் சொல்வேன். அவருக்கும் தெரியவேண்டிய விஷயம் அது.

சோதனைக்கு முன் மருமகனின் றிப்போட்டை மறுபடியும் எடுத்து இரண்டு இடத்தைப் பாருங்கள். முதலாவது, விகாரம் எந்த வகையில் சேர்க்கப்பட்டிருக்கிறது என்பது. நோய் உண்டாக்குவது என்பதிலிருந்து தீங்கற்றது என்பது வரை ஐந்து வகை உண்டு. நடுவில் 'முக்கியத்துவம் நிச்சயமில்லை' என்று ஒன்று. அந்த நடு வகையில் இருந்தால், அதை நம்பிக் குடும்பத்தவரைச் சோதித்து முடிவெடுப்பது ஆபத்து. மருத்துவரோடு முதலில் பேசுங்கள். இரண்டாவது, இரண்டு பிரதிகளிலும் ஒரே விகாரமா என்பது. உறவுத் திருமணத்தில் அப்படித்தான் எதிர்பார்ப்போம். ஆனால் விபிஎஸ்13பியில் சில பேருக்குப் பரம்பரையலகின் ஒரு துண்டே காணாமல் போயிருக்கும். அப்போது ஒரு பிரதியை மட்டும் வாசித்துவிட்டு இரண்டும் ஒன்று என்று இயந்திரம் காட்டிவிடலாம். அக்காவையும் அத்தானையும் தனித்தனியே சோதித்து, இருவரிடமும் அதே விகாரம் இருக்கிறது என்று உறுதி செய்தால்தான் நான் மேலே போட்ட கணக்கு நிற்கும். அவர்களுக்கு இன்னும் அந்தச் சோதனை நடக்கவில்லையென்றால், முதலில் அது, பிறகு நீங்கள்.

பழுதான பரம்பரையலகை மாற்றிவைக்கும் சிகிச்சை வருமா என்றும் அடைப்புக்குறிக்குள் கேட்டிருந்தீர்கள். கோஹன் சிண்ட்ரோமுக்கு இப்போதைக்கு அப்படி ஒன்று இல்லை. கண் நோய்களுக்குப் பரம்பரையலகைக் கொண்டுபோகப் பயன்படுத்தும் வைரசுக்குள் ஏறக்குறைய 4,700 எழுத்துகள்தான் அடங்கும். விபிஎஸ்13பியின் புரதத்துக்கான செய்தியே 12,000 எழுத்துகளுக்கு மேல். துண்டு துண்டாக அனுப்பிக் கண்ணுக்குள் ஒட்டவைக்கும் முயற்சிகள் வேறு நீளமான பரம்பரையலகுகளில் நடக்கின்றன. இதற்காகக் காசு கேட்டு யாராவது வெளிநாட்டுச் சிகிச்சை விளம்பரம் காட்டினால் ஏமாந்துவிடாதீர்கள்.

ஆலோசனைக்குக் கொழும்புப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தின் மனித மரபியல் பிரிவைக் கேளுங்கள். திருகோணமலை வைத்தியசாலையில் பிள்ளையைப் பார்க்கும் நிபுணரிடம் கடிதம் வாங்கிக்கொண்டு போவது நல்லது. போகும்போது மருமகனின் றிப்போட்டின் முழுப் பிரதியைக் கையில் வைத்திருங்கள், முதல் பக்கம் மட்டும் போதாது. எந்த எழுத்து எந்த இடத்தில் மாறியிருக்கிறது என்ற வரி அதில் இருந்தால் உங்கள் இருவருக்கும் அந்த ஒரு இடத்தை மட்டும் பார்த்தால் போதும். அது இல்லையென்றால் அவ்வளவு நீளமான பரம்பரையலகை முழுக்க வாசிக்கவேண்டி வரும், செலவும் நாளும் கூடும்.